சென்ரியில் பறிபோன சரக்குத்தூள்

இரண்டாவது பிள்ளையைப் பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் அருள்நாயகிக்கு வயிற்றுக்குத்து கூடியது. பிள்ளை பால் குடிக்கும்போதெல்லாம் அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவதுபோல இருந்தது. மூத்தவளுக்கு இப்படி நோகவில்லை. பனடோலுக்கும் அது அடங்கவில்லை.

அம்மா யாழ்ப்பாணத்தில். சண்டையால் பாதை பூட்டு. வேர்க்கொம்புச் சுக்கு, மிளகு, மல்லி, மஞ்சள் எல்லாம் வறுத்து இடித்துக் கப்பலில் வந்த ஒருவரிடம் கொடுத்து விட்டிருந்தாள். அந்தச் சரக்குத்தூளில் பத்தியக்கறி காய்ச்சிக் குடித்தால் வயிறு இளகும். அதை வாங்கி வர, அந்த ஆள் தங்கியிருந்த தெஹிவளைக்குப் போன கணவன் நாகேந்திரம், மத்தியானம் கழிந்து வெறுங்கையோடு வந்தான்.

"ஆமிச் சென்ரியில மறிச்சுச் சோதிச்சுப் பறிச்சுப்போட்டாங்கள். என்ன தூள் எண்டு கேட்டாங்கள்."

"என்ன சொன்னனீங்கள்?"

"மருந்து எண்டனான். என்ன வருத்தத்துக்கு எண்டாங்கள். பேசாமல் நிண்டிட்டன்."

"ஏன்?"

"அவ்வளவு ஆமிப் பெடியளுக்கு முன்னால அதை எப்பிடிச் சொல்லுறது?"

வேலை செய்யும் கந்தோரில் நாள் முழுக்கச் சிங்களம் கதைக்கிறவன். அருள்நாயகிக்கு அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"பிள்ளை பெத்தவளுக்கு எண்டு சொல்ல வெக்கமோ? வாய் திறக்காமல் நிண்டால் குண்டு மருந்து எண்டுதானே நினைப்பாங்கள்."

மூத்தவளை மேல்மாடி லுத்பியாவிடம் விட்டுவிட்டு, பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு அவளே படியிறங்கினாள். பிள்ளை பெற்ற துடக்கு கழியவில்லை, வெளியே போகக்கூடாது என்று நாகேந்திரம் பின்னால் சொல்லிக்கொண்டு வந்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலி வீதிச் சென்ரியில் நின்ற ஆமிக்காரனிடம் பிள்ளையைக் காட்டி, தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவன் பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்தான். பிறகு வீதியோரக் கழிவுநீர்க் கானைக் காட்டினான். கொட்டிவிட்டார்களாம். கறுத்த தண்ணீரின் மேல் மஞ்சளாகக் கொஞ்சம் மிதந்தது.

"அந்த மாத்தயா ஏன் இதைச் சொல்லவில்லை?" என்று பின்னால் நின்றவனைக் காட்டி அவன் சிங்களத்தில் கேட்டான். அருள்நாயகி திரும்பி நாகேந்திரத்தைப் பார்த்தாள். அவன் வீதியில் போன பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கடையில் சரக்குகளை அவளே கேட்டு வாங்கினாள். பையை அவன் தூக்கிவந்தான். அம்மியடியில் குந்தி அவனே அரைத்தான். சரியாக அரைபடாமல் மிளகு பாதி பாதியாகக் காய்ச்சிய குழம்பில் கிடந்தது. குடித்ததும் அவளுக்கு வேர்த்தது. வயிறு கொஞ்சம் இளகியது.

"இன்னும் விடட்டோ?" அகப்பையோடு நின்று நாகேந்திரம் கேட்டான்.

அவள் கோப்பையை மட்டும் நீட்டினாள்.