நிறம் குறிக்காத குறிப்புகள்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவனுக்கு, ஆறு மாதமாகக் காலையில் கடை திறக்கும்வரை ஒரே வேலைதான். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுப்பான். கோடு போட்ட வரிகளைப் போனில் படம் பிடிப்பான். செயலி அதை எழுத்தாக்கித் தரும். பனி, கடல், ரயில், பசி என்று தலைப்பு வைத்து, புத்தகப் பெயரும் பக்க எண்ணும் சேர்த்து, உரிய இடத்தில் போடுவான். மொத்தம் ஆயிரத்து எண்ணூறு குறிப்புகள். எதைத் தேடினாலும் கண் இமைக்கும் நேரத்தில் வந்து நின்றது. வேலை முடிந்ததும், பூச்சி அரித்துப் பொடிந்துகொண்டிருந்த புத்தகங்களை ஒன்றுவிடாமல் பழைய பேப்பர் வண்டியில் ஏற்றிவிட்டான். வீடு பெரிதானதுபோல் இருந்தது.

அடுத்த வாரம், கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் போன் வந்தது. ஒரே அறையில் வளர்ந்து, ஒரே புத்தகத்தை மாறி மாறிப் படித்தவர்கள் அவர்கள். அவளுக்குச் சிவப்புப் பென்சில், அவனுக்கு நீலம். கல்யாணம், பிள்ளைகள், ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலை என்று பதினைந்து வருடமாக அவள் புத்தகத்தைத் தொடவில்லை.

“டேய் பூனை, உன் கம்ப்யூட்டர் அலமாரி முடிஞ்சுதா?”

“ஒரு வரி விடலக்கா. எது வேணும்னாலும் கேளு, கொட்டும்.”

“அப்போ என் சிவப்புக் கோடு மட்டும் அனுப்புடா. நேத்து என் பொண்ணு கேக்குறா, ‘உனக்கு என்னதாம்மா பிடிக்கும்’னு. வாயடைச்சுப் போயிட்டேன். அவ வயசுல எனக்கு எது பிடிச்சுதுன்னாவது பாக்கணும்.”

செயலி தந்ததெல்லாம் கறுப்பு எழுத்து. எடுத்த படங்களையும் இடத்தை அடைக்கிறதென்று அன்றன்றே அழித்திருந்தான்.

“அக்கா, நிறத்தை எங்கயும் குறிக்கல.”

“புத்தகத்தப் பாத்துப் போடேன். என்ன அவசரம்?”

“புத்தகம் இல்லக்கா. பழைய பேப்பருக்குப் போட்டுட்டேன்.”

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த குழாய்த் தண்ணீரை அவள் நிறுத்தினாள்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா.”

திட்டியிருந்தால்கூட அவனுக்கு மனம் ஆறியிருக்கும்.

“ஞாபகத்துல பிரிச்சுத் தரேன்க்கா.”

“கிழிச்ச. போன வாரம் பேசினதே உனக்கு ஞாபகம் இல்ல. எல்லாத்தையும் அனுப்பு, நானே கண்டுபிடிச்சுக்கறேன்.”

அனுப்பினான். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. ஏழே ஏழு வரிகளைச் சிவப்பாக்கியிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: “இதுதான் என்னுதுன்னு தோணுது. மத்ததெல்லாம் உன்னுதாத்தான் இருக்கும். இவ்வளவு நல்ல வரியெல்லாம் எனக்கு எங்கடா பிடிச்சிருக்கப் போகுது?”

லென்ஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பதிலையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாட்களில் அவள் முடித்த பிறகுதான் எந்தப் புத்தகமும் அவன் கைக்கு வரும். கோடு போட அவள் மிச்சம் வைத்தது கொஞ்சம்தான்.

“பாதிக்கு மேல உன்னுதுதான்க்கா,” என்று தட்டினான்.

“எதெல்லாம்டா?” உடனே கேட்டாள்.

கடல் என்ற தலைப்பைத் திறந்தான். பிறகு பனி. பிறகு ரயில். இது உன்னுடையது என்று ஒன்றின்மேல்கூட அவனால் விரல் வைக்க முடியவில்லை.