பஞ்சநதம் நின்ற வரிசை

வலங்கைமான் அரிசி கம்பெனிக்கு வெகு காலமாக நெல் கொடுத்தவர் மிராசுதார் பஞ்சநதம் ஒருவர்தான். கொள்முதல் அதிகாரியாக வந்த அம்சம் அதை மாற்றினாள். சிறு விவசாயிகள், பெண்கள், குத்தகைக்காரர்கள் எல்லாரிடமும் வாங்க வேண்டும் என்று திட்டம் போட்டு, நிர்வாகத்தையும் சம்மதிக்க வைத்தாள். நல்ல திட்டம்தான். ஆனால் அவள் மனசு கேட்டது வேறு. செங்கொடி பிடித்துக் கூலி கூட்டிக் கேட்டதற்காக, அந்தக் காலத்தில் இடுப்பில் கைக்குழந்தை அம்சத்தோடு அவள் அம்மாவைக் களத்து வெயிலில் பொழுதெல்லாம் நிற்கவைத்தவர் பஞ்சநதம். அவர் ஒருநாள் அவள் வாசலில் வந்து நிற்க வேண்டும்.

இன்று நின்றார். கம்பெனி வாசலில் நெல் விற்க வந்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாக, உச்சி வெயிலில்.

"நில்லுங்க. உங்க முறை வரட்டும்" என்றாள் அம்சம். சொல்லும்போதே நாக்கு தித்தித்தது.

வரிசையில் முன்னால் இருந்த ரெங்கம்மாள், அன்று அதே களத்தில் அம்மாவோடு நின்றவள், மரத்து நிழலில் தன் சாக்கை விரித்தாள்.

"உக்காருங்கய்யா. கால் நடுங்குது."

"அவருக்கா அத்தே?" அம்சம் பல்லைக் கடித்தாள்.

"அந்த வெயில் எப்படிச் சுடும்னு எனக்குத் தெரியும்டி."

பஞ்சநதம் தலை நிமிராமல் உட்கார்ந்தார். அவர் நெல்லையும் அம்சம் வாங்கினாள், கடைசியாக, மற்றவர்களுக்குக் கொடுத்த அதே விலைக்கு. கோபம் தணியவில்லை. ஆனாலும் மறுநாள் வாசலில் கீற்றுப் பந்தல் போடச் சொன்னாள்.