இருபத்து நான்கு அட்டைகள்

ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தன் லேமினேஷன் மேல் அபார நம்பிக்கை. பேச்சு வராத நாலு வயது மகளுக்காக அவரே அச்சிட்டு, குத்தாதபடி மூலைகளை வளைத்து வெட்டி, இருபத்து நான்கு பட அட்டைகள் செய்து கொடுத்திருந்தார். தண்ணீர், பந்து, வலிக்குது, போதும். வேண்டிய அட்டையை எடுத்து நீட்டினால் அதுதான் பேச்சு. ஆனால் வீட்டில் மகாராணி ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

அன்று மகளின் மழலையர் பள்ளிக்கு மதிப்பீட்டு அதிகாரி வந்திருந்தார்; அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். மகள் மற்ற பிள்ளைகளோடு இங்கேயே படிப்பாளா, ஊரின் மறுகோடியில் இருக்கும் சிறப்புப் பள்ளிக்குப் போவாளா என்பதை அவர்தான் முடிவு செய்வார்.

"தானா யார்கிட்டயாவது எதையாவது கேப்பாளா?" என்றார் அதிகாரி.

"ஓ, கேப்பாளே!" என்று அப்பா கூசாமல் புளுகிவிட்டு அட்டைப் பையைத் திறந்தார். காலி.

"டீச்சர், ஒண்ணுகூட இல்லையே! யாரு எடுத்தா?"

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். ரெட்டைச்சடைக்காரி ஒருத்தி மட்டும் தன் கவுன் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "அவகூடப் பேசணும்னா எங்களுக்கும் அட்டை வேணும்ல அங்கிள்?"

"பகல் பூரா இவங்ககிட்டதான் சார் இருக்கும். இன்னிக்கு வாங்கி வைக்க மறந்துட்டேன்," என்று டீச்சர் நெளிந்தார்.

அதற்குள் மகள் உதட்டை நக்கினாள். தாகம். அப்பாவின் கை தானாகப் பாட்டிலுக்குப் போனது. டீச்சர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "கொஞ்சம் சும்மா இருங்க சார்."

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மகள் எழுந்தாள். நேராகப் போய் ரெட்டைச்சடையின் பாக்கெட்டில் கைவிட்டாள். பந்து வந்தது, திரும்பப் போட்டாள். தண்ணீர் வந்தது. அதை எடுத்துக்கொண்டு, பெற்ற அப்பாவை ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்துபோய் அதிகாரியிடம் நீட்டினாள்.

அதிகாரி தன் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். படிவத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டார். "இவ இங்கேயே இருக்கட்டும்."

அப்பாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கூடவே கொஞ்சம் வயிற்றெரிச்சல். "ஏம்மா, அப்பாகிட்ட ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்ல?"

மகள் தண்ணீர் குடிப்பதில் மும்முரமாக இருந்ததால் ரெட்டைச்சடைக்காரியே பதில் சொன்னாள். "எப்படிக் கேப்பா? நீங்கதான் கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுவீங்களே!"

அப்பா தன் கையிலிருந்த பாட்டிலை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.