அத்தானின் நல்ல நம்பர்

கண் அழுத்தம் அளப்பது என் வேலை. மிஷின் புஸ்ஸென்று கண்ணில் காற்று விடும், ஆள் திடுக்கிடுவார், திரையில் நம்பர் வரும். இருபத்தொன்றைத் தாண்டினால் டாக்டரிடம் அனுப்புவேன். கை ஒடிந்து வந்தாலும் சரி, குடல் வீங்கி வந்தாலும் சரி, எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்த, நாற்பது வயசு தாண்டியவர் யாரும் என்னிடம் தப்பியதில்லை. கண் அழுத்த நோய் வலிக்காது. ஓரத்திலிருந்து பார்வையைத் தின்னும், தின்றதைத் திருப்பித் தராது.

அத்தானும் அப்படித்தான் மாட்டினார். அக்காவின் வீட்டுக்காரர், சலூன் வைத்திருந்தார். வாயும் ஓயாது, கத்தரியும் ஓயாது. குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருந்தவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து அளந்தேன். வலது கண் முப்பத்திரண்டு, இடது முப்பது. டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். தினம் இரண்டு வேளை, ஆயுசுக்கும்.

"அத்தான், அடுத்த தடவை பதினெட்டுக்குக் கீழ வரணும். இல்லன்னா டாக்டர் முன்னாடி என் மானம் போயிடும்" என்றேன்.

"உன் மானம் என் பொறுப்பு, போ."

மூன்று மாதம் கழித்து வந்தார். பதினைந்து. அதற்கடுத்துப் பதினாலு. எனக்குத் தலைகால் புரியவில்லை. முரண்டு பிடிக்கிற நோயாளிகளிடமெல்லாம் அவரைத்தான் உதாரணம் காட்டினேன். பக்கப்பார்வை எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் சோதனைக்கு எட்டு மாத வரிசை. அவர் முறை வந்தபோது, இந்த நல்ல நம்பர்காரருக்கு என்ன அவசரம் என்று நானே அவர் சீட்டை எடுத்துக் கடைசியில் சொருகினேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

போன மாதம் அக்கா போன் பண்ணினாள்.

"முடி வெட்டிக்க வந்தவர் காதை உங்கத்தான் வெட்டிட்டாருடி. அங்க காது இருந்ததே தெரியலங்கறாரு."

"மருந்து போடறாரா இல்லையா?"

"போடுவாரே. உன்கிட்ட வர்ற அன்னிக்குக் காலைல மறக்கவே மாட்டாரு."

"அன்னிக்கு மட்டுமா?"

"தினம் போட்டா கண்ணு செவந்துபோகுதாம். செவந்த கண்ணோட கத்தியும் கையுமா நின்னா எவன் கழுத்தை நீட்டுவான்னு கேட்டாரு. நீயும் நம்பர் நல்லா இருக்குன்னே சொன்னியா, நானும் விட்டுட்டேன்."

மருந்து போட்ட இரண்டு மணி நேரத்தில் அழுத்தம் இறங்கிவிடும். நான் அளந்தது அந்த ஒரு காலையை. மற்ற நாளெல்லாம் அது ஏறியே கிடந்திருக்கிறது. அத்தான் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் சீட்டைச் சொருகியது யார் என்று நினைத்ததும், ஆத்திரப்படுகிற யோக்கியதையும் போனது.

சோதனையில் வலது கண் முழுக்கக் கறுப்பு. இடது கண்ணில் நடுவே சின்ன ஓட்டை அளவு பார்வை மட்டும் பாக்கி. ஒழுங்காக மருந்து போட்டால் அதுவாவது தங்கும் என்று டாக்டர் அக்காவிடமும் என்னிடமும் சொன்னார். சலூனை மூடிவிட்டார்கள்.

இன்றைக்கு அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தாடையை மிஷினில் சரியாக வைக்க அவர் தலையை நான்தான் பிடித்துவிட்டேன்.

"எவ்வளவு?"

"பதிமூணு."

"ஒரு வேளை தவறல. உங்கக்காவைக் கேட்டுப் பாரு." அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "அப்போ பார்வை எப்ப திரும்பும்?"

அக்கா தலை குனிந்துகொண்டாள். அவரிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

"திரும்பாது அத்தான்" என்றேன்.

அவர் தாடையை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை அளந்து பாரேன்" என்றார்.