நல்ல கால்

குதிரைக்குக் கால் முறிந்தால் கொன்றுவிடுவதுதான் கருணை என்று சொல்வார்கள். அதை மாற்றிக் காட்டுகிறேன் என்றுதான் அவள் கால்நடை எலும்பு அறுவைப் படிப்புக்குப் போனாள். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்புறமே குவார்ட்டர்ஸ். கல்யாணப் பேச்சை அவள் தள்ளிக்கொண்டே போனதில், ஒரு கட்டத்தில் கேட்பவர்களும் ஓய்ந்துபோனார்கள். "எங்க அக்காவைப் பார்க்கிறது குதிரைக்கொம்பு" என்று தங்கை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மழைக்காலத்தில் போலீஸ் குதிரை ஒன்றை லாரியில் கொண்டுவந்தார்கள். ஈரத் தார்ரோட்டில் வழுக்கி விழுந்து, வலது முன்னங்கால் எலும்பு முறிந்திருந்தது. கருப்பு நிறப் பெண்குதிரை. அதை ஓட்டிய காவலர் அதன் கழுத்தை விட்டுக் கையை எடுக்கவே இல்லை.

"பொழைக்குமா டாக்டர்?"

"எலும்பை ஒட்ட வெச்சிடலாம். அதுக்கப்புறம் அது நிக்கணும்."

தகடு வைத்துத் திருகாணி முடுக்கினாள். மயக்கம் தெளியும் நேரம்தான் கண்டம். மிரண்டு எழுந்து விழுந்தால் செய்ததெல்லாம் பாழ். மெத்தை பதித்த அறைக்கு வெளியே நின்று, குதிரையின் வாலில் கட்டிய கயிற்றை அவளும் தலைக்கயிற்றைக் காவலரும் இழுத்துப் பிடித்தார்கள். குதிரை தள்ளாடி எழுந்து நின்றது. காவலர் சுவரில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தங்கை மகன் நிச்சயதார்த்தம் அந்த வாரம்தான். அவள் போகவில்லை. "உனக்கு நாலு கால் இருந்தாத்தான் சொந்தம்" என்று தங்கை போனை வைத்துவிட்டாள்.

காவலர் தினமும் டியூட்டி முடிந்து வந்தார். அவளும் லாயத்துக்கு வருவாள். அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் வரும் நேரத்துக்கு அவள் இரண்டு பேருக்கு டீ போடப் பழகிவிட்டாள்.

எக்ஸ்ரேயில் முறிவு கூடிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு காலையில் இடது குளம்பைத் தொட்டபோது கொதித்தது. வலிக்கிற காலை ஊன்றப் பயந்து, குதிரை பாரத்தையெல்லாம் மற்றதில் போட்டிருந்தது. குளம்புக்குள் எலும்பு பிடிமானம் விட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. ஐஸ் வைத்தாள், மருந்து மாற்றினாள், குளம்புக்கு அடியில் மெத்தை கொடுத்தாள். கடைசியில் குதிரை படுத்தது, எழவில்லை.

"ஒடிஞ்ச கால்ல வலியா டாக்டர்?"

"இல்லங்க. அது சேர்ந்துடுச்சு. நல்லா இருந்த கால்தான் போயிடுச்சு."

அவர் குனிந்து குதிரையின் பிடரியைக் கோதினார். பிறகு, "அதை இழுத்தடிக்க வேணாம்" என்றார்.

அவர் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருக்க, அவள் ஊசி போட்டாள். எல்லாம் முடிந்ததும் அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பிறகு வரவில்லை. வர அவருக்கு வேலையும் இல்லை.

சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் அவள் தங்கைக்குப் போன் செய்தாள்.

"என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?" தங்கை பதறினாள்.

"யாருக்கும் ஒண்ணுமில்ல. சும்மாதான் பண்ணினேன்."

"நீயா, சும்மாவா?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "இரு, அடுப்புல பால் வெச்சிருக்கேன். கட் பண்ணிடாத" என்றாள் தங்கை.

போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. குழாய் ஓடியது. யாரோ சட்டை எங்கே என்று கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள். அவள் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.