எட்டு வீட்டுக்கு ஒரு கம்பி

டார்ன்பியில் காரைப் பூட்டிவிட்டுப் போகிறவனை ஊரே ஒரு மாதிரியாகப் பார்க்கும், ஆகஸ்ட் மாதம் தவிர. ஆகஸ்டில் எல்லோரும் பூட்டுவார்கள். பூட்டாமல் விட்டால், தோட்டத்தில் காய்த்துத் தள்ளிய சுக்கினிக்காயை என்ன செய்வதென்று தெரியாத யாராவது ஒருவர் கூடை நிறையக் கொண்டுவந்து பின்சீட்டில் வைத்துவிட்டு நைசாக நழுவிவிடுவார். நெஸ்டர் பாபியுக் மைக்கைப் பிடித்து இதைச் சொன்னதும் கர்லிங் கூடம் மொத்தமும் சிரித்தது. வெர்னாவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் வாசல் கதவிலேயே இருந்தது.

மாகாணத்துக்கு நூறு வயதாகிறது என்று சஸ்காச்சுவான் முழுக்க ஊர் ஊராக விழா எடுத்த 2005 ஜூலை அது. வெளியே போனவர்கள் எல்லோரும் ஒரு சனி ஞாயிறு வந்து போகவேண்டும் என்று டார்ன்பியும் கூப்பிட்டிருந்தது. ஊரில் மிச்சமிருப்பவர்கள் நூற்று நாற்பது பேர். வந்திறங்கியவர்கள் ஐந்நூறு பேர். குளிர்காலத்தில் ஐஸில் கல்லைச் சறுக்கவிட்டு ஆடுகிற, கோடைக்கு வெறும் சிமெண்டாகிவிட்ட தரையில் நீள மேஜைகளைப் போட்டு, பெரோகிக் கொழுக்கட்டையும் முட்டைக்கோஸ் சுருளும் பரிமாறி, சாப்பிட்டு முடித்தவர்களை நெஸ்டர் ஒவ்வொருவராக மேடைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். ஊரைப் பற்றி ஆளுக்கு ஒரு நினைவு சொல்லவேண்டும். நெஸ்டர் முப்பது வருஷம் தானியக் கோபுரத்தில் கோதுமையை எடை போட்டவர். பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

வெர்னாவுக்கு அறுபத்தாறு வயது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் டார்ன்பியை விட்டு மலைக்கு அந்தப் பக்கம் கெலோனாவுக்குப் போனவள், அதற்குப் பிறகு ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் ஆஸ்துமா, குளிர் ஒத்துக்கொள்ளாது என்றாள். கணவர் கிளாரன்ஸ் போன வருஷம் காலமானார். அவருடைய அண்ணன் மருமகள் டார்லீன் போனில் விடாமல் நச்சரித்தாள். பேச்சோடு பேச்சாக, கோவல் வீட்டு ஸ்டெஃபிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ரெஜைனாவில் மகன் வீட்டில் படுத்திருக்கிறாள், விழாவுக்கு வரமுடியாது என்றும் சொன்னாள். அந்த முழங்காலை நம்பித்தான் வெர்னா டிக்கெட் வாங்கினாள்.

மூன்றரை மணிக்கு முழங்கால் வந்து சேர்ந்தது. ஒரு கையில் தடி, இன்னொரு கையில் கேக் தட்டு, வாய் நிறையச் சிரிப்பு. பின்வரிசையில் உட்கார்ந்து ஸ்டெஃபி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். வெர்னா சட்டென்று குனிந்து கைப்பையில் இல்லாத எதையோ தேடினாள்.

அவள் செய்தது இதுதான். 1963 பிப்ரவரியில் அவளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஊரிலிருந்து நாலு மைல் தள்ளிய பண்ணை. கிளாரன்ஸ் தொழுவத்துக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஜன்னல் உயரத்துக்குப் பனி. பேச ஒரு ஜீவன் கிடையாது, சுவரில் மாட்டியிருந்த டெலிபோன் பெட்டியைத் தவிர. எட்டு வீட்டுக்கும் ஒரே கம்பி. ரெண்டு நீளம் ஒரு குட்டை என்று மணி அடித்தால் கோவல் வீட்டுக்கு, மூணு குட்டை என்றால் பாபியுக் வீட்டுக்கு. ஆனால் எட்டு வீட்டிலும் அடிக்கும், எட்டு வீட்டிலும் எடுக்கலாம். எடுக்கக்கூடாது என்பது சட்டம். எடுக்காதவர்கள் யார் என்று தேடினால் கல்லறைக்குத்தான் போகவேண்டும்.

ஸ்டெஃபி அடுத்த பண்ணைப் பெண், இருபத்திரண்டு வயது, வெர்னாவுக்கு அந்தப் பனிக்காட்டில் இருந்த ஒரே தோழி. ஒருநாள் சாயங்காலம் ரெண்டு நீளம் ஒரு குட்டை அடித்தது. வெர்னா எடுத்து, வாய்ப் பக்கத்தைத் துணியால் பொத்திக்கொண்டு கேட்டாள். மறுமுனையில் ரே. தையல் மெஷின் விற்க வருகிறவன், தலைக்கு எண்ணெய், பேச்சுக்குத் தேன். வியாழக்கிழமை ரயிலில் ஸ்டெஃபி அவனோடு வான்கூவருக்குப் போகப்போகிறாள், வீட்டுக்குத் தெரியாமல். வெர்னா போனை மாட்டினாள். பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஒரு மைல் பனியில் நடந்துபோய், ஸ்டெஃபியின் அப்பா பெத்ரோவிடம் தொழுவத்திலேயே வைத்துச் சொல்லிவிட்டாள். வியாழக்கிழமை பெத்ரோ ஸ்டேஷனில் தூண் மாதிரி நின்றார். ரே தனியாக ரயில் ஏறிப் போனான். அதற்குப் பிறகு வெர்னா ஸ்டெஃபியின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. கிளாரன்ஸைத் தொணதொணத்து இரண்டு வருஷத்தில் பண்ணையை விற்கவைத்தாள்.

மேடையில் ஒருவர், டார்ன்பிக்காரன் கார் ஓட்டும்போது எதிரே யார் வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்குவான், இரண்டு விரலைத் தூக்கினால் வெளியூர்க்காரன் என்றார். இன்னொரு பெண்மணி, லூத்தரன் தேவாலயத்துச் சாப்பாட்டுக்கும் உக்ரேனியத் தேவாலயத்துச் சாப்பாட்டுக்கும் ஒரே நாளில் போய் இரண்டு இடத்திலும் வயிறு காலி என்று சத்தியம் செய்த தன் மாமனாரைப் பற்றிச் சொன்னாள். எல்லாரும் அந்த மாமனாரைப் பேர் சொல்லிக் கத்தினார்கள். வெர்னாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஸ்டெஃபி தன்னைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. இன்னும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டால் தலைவலி என்று சொல்லிக் கிளம்பிவிடலாம்.

அப்போது நெஸ்டர் டெலிபோனை எடுத்துக்கொண்டார். ஒட்டுக்கேட்கிறவர்கள் தாங்கள் மறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம், அவரவர் வீட்டுச் சத்தம் அவரவரைக் காட்டிக்கொடுத்தது என்றார். லிண்ட்குவிஸ்ட் அம்மா எடுத்தால் அவருடைய மஞ்சள் குருவி கத்துமாம். நெஸ்டரின் அப்பா எடுத்தால் புகை பிடிக்கிற சுங்கான் குழாய் புறுபுறு என்னுமாம். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. இதையெல்லாம் வெர்னா இன்றுதான் கேட்கிறாள். ஊருக்குப் புதிதாக வந்த மருமகளிடம் இதை யாரும் சொல்லவில்லை.

"அப்புறம் நம்ம கிளாரன்ஸ் வீடு," என்றார் நெஸ்டர். "அங்க என்ன சத்தம்?"

பின்வரிசையிலிருந்து ஸ்டெஃபியின் குரல் கணீரென்று வந்தது. "குக்கூ."

அதற்கு விழுந்த சிரிப்பு தகரக் கூரையில் போய் இடித்தது. வெர்னாவுக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. மாமியார் கல்யாணத்துக்குக் கொடுத்த குக்கூக் கடிகாரம். மரக்குருவி மணிக்கொரு தரம் வெளியே வந்து கூவும். டெலிபோனுக்கு ஓர் அடி தள்ளித்தான் மாட்டியிருந்தது. வாயைப் பொத்தியவள் அதைப் பொத்தவில்லை. அப்படியென்றால் ஸ்டெஃபிக்கு அன்றைக்கே தெரியும். நாற்பத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

நெஸ்டர் அதே வேகத்தில் கையிலிருந்த தாளைப் பார்த்து அவள் பேரையே கூப்பிட்டார். டார்லீன் அவளைக் கேட்காமலே எழுதிக்கொடுத்திருந்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். வெர்னா எழுந்தாள், மேடைப் பக்கம் திரும்பினாள், பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள். நெஸ்டர் ஒரு நொடிகூடத் திகைக்கவில்லை. அவசரத்துக்கு யாருக்கும் சொல்லாமல் ஒதுங்கும் ஊர் வழக்கத்தைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

வெளியே கார்கள் வெயிலில் வரிசையாக நின்றன. டார்லீனின் கார் எது என்று தெரியாமல் வெர்னா இரண்டு வரிசை நடந்தாள். பின்னால் தடி தட்டுகிற சத்தம் கேட்டது.

"நில்லுடி," என்றாள் ஸ்டெஃபி. "முட்டி புதுசு. துரத்த முடியாது."

வெர்னா நின்றாள். திரும்பாமலே சொன்னாள், சொல்லியே தீரவேண்டும் என்று. "உங்கப்பாகிட்ட சொன்னது நான்தான், ஸ்டெஃபி."

"வேற யாரு சொல்லுவா? நாலு அடிக்கட்டும்னுதானே நான் காத்துக்கிட்டிருந்தேன்."

வெர்னா திரும்பினாள். ஸ்டெஃபி ஒரு பிக்கப் வண்டியின் பின்பலகையைத் தானே இறக்கி, ஏதோ தன் வண்டி போல அதில் உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக்காட்டினாள். யார் வண்டியோ தெரியாது. டார்ன்பியில் அதை யாரும் கேட்பதில்லை.

அன்றைக்கு ரேயை லைனில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் பனியைப் பற்றியும் பசுவைப் பற்றியும் பேசினாளாம் ஸ்டெஃபி. யாரோ போனை எடுத்த சத்தம் கேட்டது, யாரென்று தெரியவில்லை. மணி நாலு ஆனது, குருவி நாலு தரம் கூவியது, சரி, வெர்னாதான் என்று உறுதியானது. அதற்குப் பிறகுதான் ரயில் பேச்சையே எடுத்தாளாம்.

"வியாழக்கிழமை, பத்தேகால் ரயில்னு ரெண்டு தரம் சொன்னேன்," என்றாள் ஸ்டெஃபி. "வாரத்துக்கு ஒரே ரயில். அது எத்தனை மணிக்குன்னு இந்த ஊர்ல நாய்க்குக்கூடத் தெரியும். எதுக்கு ரெண்டு தரம் சொல்றான்னு நீ யோசிக்கவே இல்லையா? ஓடிப்போறவ எவளாவது அந்தப் பெட்டியில வாயத் தொறப்பாளா?"

வெர்னா யோசித்ததில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் தான் செய்த பாவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், அந்தப் பெண் ஏன் எட்டு வீட்டுக் கம்பியில் ரகசியம் பேசினாள் என்று ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை. தன் குற்றத்தைப் பார்க்கிறவள் அடுத்தவளை எங்கே பார்க்கிறாள்?

"அவனோட போக உனக்கு இஷ்டம் இல்லையா?" என்று கேட்டாள்.

"முதல்ல இருந்துச்சு. அப்புறம் பயமாயிடுச்சு. வேண்டாம்னு அவன்கிட்ட நாலு தரம் சொன்னேன். ஒவ்வொரு தரமும் பேசி முடிக்கிறப்போ சரின்னுட்டிருந்தேன். எங்கம்மாவுக்கு ரெண்டு தையல் மெஷின் வித்தவன்டி அவன். ரெண்டு! வீட்ல தைக்கிறது ஒருத்தி. அவன்கிட்ட நான் எப்படி வேண்டாம்னு சொல்லி ஜெயிக்கிறது?"

அப்பாவிடம் தானே சொல்லியிருந்தால் ரேயோடு ஆறு மாசமாக நடந்த கதையையும் சொல்லவேண்டியிருக்கும், அவர் வாழ்நாளுக்கும் மன்னித்திருக்கமாட்டார். வேறு யார் வாயிலிருந்தோ வந்ததால், பெண்ணை யாரோ ஏமாற்றப் பார்த்தான் என்று அவனைத் திட்டியதோடு சரி. மறுவருஷம் பள்ளிக்கூட வாத்தியார் ஓரெஸ்டைக் கல்யாணம் செய்துகொண்டாள். நாலு பிள்ளைகள். ஓரெஸ்ட் உலகத்திலேயே மெதுவாகப் பேசுகிற மனுஷன், ஆனால் அவள் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான் என்றாள். மூத்தவள் பிறந்ததும் எல்லாவற்றையும் சொல்லிச் சிரிக்கலாம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாளாம். பண்ணையில் புதுக் குடும்பம் இருந்தது.

"சொல்லாமப் போயிட்டியே," என்றாள். "எனக்குக் கோபம்னா அது ஒண்ணுதான்."

கூடத்துக்குள்ளிருந்து மறுபடி சிரிப்புச் சத்தம் வந்தது. வெர்னாவின் கால்கள் பின்பலகையிலிருந்து தரை தொடாமல் தொங்கின. இத்தோடு விட்டுவிடலாம். மன்னிப்பு கிடைத்துவிட்டது, கேட்காமலே. நன்றிகூடக் கிடைத்துவிட்டது. ஆனால் பொய்யாகக் கிடைத்த நன்றியை வைத்துக்கொண்டு கெலோனாவில் மீதி நாளை ஓட்ட அவளுக்குத் தெம்பு இல்லை.

"உன் நல்லதுக்குன்னு நான் சொல்லல, ஸ்டெஃபி. நான் ஜன்னலத் தொறக்க முடியாமப் பனியில கெடந்தேன். நீ பத்தேகால் ரயில்ல கடலோரத்துக்குப் போகப்போறேன்னு கேட்டதும் வயிறு எரிஞ்சுது. நீயும் இங்கயே கெடன்னுதான் போய்ச் சொன்னேன்."

சொல்லிவிட்டு அவள் தரையையே பார்த்தாள்.

"அது தெரியாமலா?" என்றாள் ஸ்டெஃபி. "அந்த லைன்ல மத்த ஆறு பேரும் ரொம்ப நல்லவங்க, வெர்னா. கேட்டுட்டு, அய்யோ பாவம் சின்னஞ்சிறுசுங்கன்னு வாய மூடிக்கிட்டு என்னை ரயிலேத்தி அனுப்பியிருப்பாங்க. நீ ஒருத்திதான் கண்டிப்பாச் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். உன்னை நம்பித்தான் நாலு மணி வரைக்கும் காத்திருந்தேன்."

வெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது, அடிவயிற்றிலிருந்து, அவளைக் கேட்காமல். சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே மூக்கைச் சிந்தினாள். "அப்பாடா," என்று சத்தமாகவே சொன்னாள். நாற்பத்திரண்டு வருஷமாகத் தன்னிடம் இருக்கிற கெட்ட குணத்தை ஒளித்து வைத்திருந்தாள். அதை முதல் நாளிலிருந்தே பார்த்தவள் ஒருத்தி, அதை வைத்தே பிழைத்தும் போயிருக்கிறாள். கெலோனாவில் அவளை எல்லோரும் நல்லவள் என்றார்கள். அங்கே யாருடனும் இப்படிச் சாய்ந்து உட்கார்ந்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஸ்டெஃபி தடியை மடியில் வைத்துக்கொண்டு, ரெஜைனாவுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டாள். மகன் வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம், ஆனால் மருமகளுக்குக் கொஞ்சம் வாய் நீளமாம், அவளைப் பற்றி நிறையச் சொல்லவேண்டியிருக்கிறதாம். திங்கட்கிழமை என்றாள் வெர்னா. பிறகு இன்னும் கொஞ்சம் நகர்ந்து, காதை அவள் பக்கம் சாய்த்து, "சரி, மருமகளைப் பத்தி இப்பவே ஆரம்பி," என்றாள்.