கஸ்முரி இழுத்த கோடு

இபு வினார்சி அந்த மைதானத்தைப் பதினோரு வருஷம் தாளில் கட்டினாள். இபு என்பது எங்கள் ஊரில் அம்மா என்கிற மரியாதை, ஆண்களுக்குப் பாக். மாவட்டப் பொதுப்பணி அலுவலகத்தில் அவள் மேஜைக்குப் பின்னால் சுருட்டிச் சுருட்டி நிறுத்தியிருந்த வரைபடங்களைப் பார்த்து, "பாய்க்கடை எப்ப தெறக்கப் போறீங்க?" என்று கேட்காத ஆள் கிடையாது. அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அடுத்த தாளை விரிப்பாள். பிடிவாதத்துக்கு ஒரு கோப்பை உண்டென்றால் எங்கள் மாவட்டத்தில் அதை வேறு யாரும் தொட்டிருக்க முடியாது.

பிடிவாதம் இல்லாமல் முடிகிற காரியமா அது? ஆற்றுக்கு வடகரையில் ஏலாங் அணி, மஞ்சள் சட்டை, கழுகுச் சின்னம். தென்கரையில் ஹியு அணி, நீலச் சட்டை, சுறாச் சின்னம். இரண்டு கரைக்கும் ஏழாம் பொருத்தம். மஞ்சள் சட்டைக்காரனின் வண்டி பாலம் தாண்டிப் பஞ்சர் ஆனால், தென்கரைக் கடைக்காரன் பம்பை ஒளித்துவைத்துவிட்டு இன்று விடுமுறை என்பான். அணிக்கு ஒரு பொட்டல் இருந்தது. மழை பெய்தால் ஒன்றில் வாத்து மேயும், மற்றதில் தவளை கத்தும். பழைய சர்க்கரை ஆலையின் கரும்பு முற்றத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து ஒரே மைதானம் கட்டலாம் என்று வினார்சி முதலில் சொன்னபோது, இரண்டு கரையும் அவளைப் பார்த்து ஒன்றாகச் சிரித்தன. அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

பந்தாட்டத்துக்கு மட்டும் என்றால் தூணுக்கும் கூரைக்கும் இரும்பு தர மாட்டோம், ஊர் முழுவதற்கும் பயன்பட வேண்டும் என்று மாகாணத்தில் சொல்லிவிட்டார்கள். சரி, ஊரையே கேட்போம் என்று வினார்சி கூட்டம் போட்டாள். கேட்டது தப்பு. பார்வையாளர் மாடத்துக்கு அடியில் கல்யாணக் கூடம் என்றார்கள். ஓட்டத் தடம் என்றார்கள். பாட்டுக் கச்சேரிக்கு மேடை என்றார்கள். பறவைப் பாட்டுப் போட்டிக்காரர்கள் நாற்பது பேர் கூண்டும் கையுமாக வந்து உட்கார்ந்து, கூண்டு மாட்டக் கொக்கி வரையாமல் எழுந்திருக்க மாட்டோம் என்றார்கள். அவள் கொக்கியும் வரைந்தாள். பள்ளிவாசல் குழு வந்து, நோன்புப் பெருநாள் தொழுகைக்கு நகரச் சதுக்கம் போதவில்லை, புல்லின் மேல் எட்டாயிரம் பேர் நிற்க வேண்டும் என்றது. அதற்காக வரைபடத்தில் தொழுகை வரிசைகளைப் புள்ளிக்கோடுகளாகப் போட்டாள். ஆட்டக்களம் வடக்கு தெற்காக நீண்டது. தொழும்போது முகம் பார்க்க வேண்டிய திசையான கிப்லாவோ எங்கள் ஊருக்கு நேர் மேற்கு இல்லை, மேற்கிலிருந்து இருபத்து நான்கு டிகிரி வடக்கே தள்ளி. அதனால் புள்ளிக்கோடுகள் களத்துக்குக் குறுக்கே சாய்வாக ஓடின.

ஐம்பத்தாறு தூண் குழிகளையும் இரண்டு கரை ஆட்களே ஊர்வேலையாகத் தோண்ட வேண்டும் என்று மாவட்டத்தை ஆளும் புப்பாத்தி நிபந்தனை போட்டார். அவருக்கு ஒற்றுமை ஆசை. சனங்களுக்குப் போட்டி ஆசை. வேலை தொடங்கும் நாளில் சடங்குக்கு வைத்த கூம்புச் சோற்றின் நுனியை எந்தக் கரை வெட்டுவது என்று அரை மணி நேரம் சண்டை நடந்து, பசி பொறுக்காத இமாம் கூம்பையே நடுவில் பிளந்தார். வடபாதிக் குழிகள் ஏலாங்குக்கு, தென்பாதி ஹியுவுக்கு. அப்புறம் ஞாயிறுதோறும் பார்க்க வேண்டுமே! வடகரை ரசிகர்களின் தலைவன் ஜாரொத், லாரி ஓட்டுகிறவன், குழிக்குள்ளேயும் முரசைக் கட்டிக்கொண்டு இறங்கினான். தென்கரைக்குத் தலைவி பைனி. மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூவுகிற தொண்டை அது, ஒலிபெருக்கிக்கு வேலையில்லை.

"என்ன ஜாரொத், குழி தோண்டுறியா, காது குடையுறியா?"

"நீங்க தோண்டுறது மீன் தொட்டி இபு. அதுக்கு அவ்வளவு ஆழம் போதும். கழுகு நிக்கிற தூணுக்கு இன்னும் எறங்கணும்."

ஒருவரை ஒருவர் முந்த வேண்டும் என்ற வெறியில் ஆறு மாத வேலையை மூன்று மாதத்தில் முடித்தார்கள். மதியம் வாழையிலைப் பொட்டலச் சோறும் சோயாத் தெம்பேயும் மிளகாய்த் துவையலும் வந்தால், மஞ்சளும் நீலமும் ஒரே மரநிழலில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டன. அதைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்காகவே வினார்சி தன் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவாள்.

இந்தக் குழிகளுக்கு முளை அடித்துக் கொடுத்தவர் மேஸ்திரி கஸ்முரி. தென்கரைக்காரர், ஐம்பத்தெட்டு வயது. அலுவலகத்தின் அளவைக் கருவி பழுதாகித் தலைநகருக்குப் போயிருந்தது. எப்போது திரும்பும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கஸ்முரி இருக்கக் கருவி எதற்கு என்றார்கள் எல்லாரும். சும்மா சொல்லவில்லை. முப்பது வருஷமாகப் பெருநாள் காலையில் சதுக்கத்தில் தொழுகை வரிசைக்குக் கயிறு பிடிக்கிறவர் அவர்தான். அவர் இழுத்த கயிற்றோரம் அத்தனை தோளும் இம்மி பிசகாமல் நிற்கும். எல்லாரையும் நிறுத்தி முடித்துக் கயிற்றைச் சுருட்டும்போது அவருக்கு எங்கே இடம் மிஞ்சும்? கடைசி வரிசையின் கடைசியில், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று தொழுவார். அந்த மனிதர் அடித்த முளையை யார் சந்தேகிப்பார்கள்? விதிப்படி வினார்சி மூலைக்கு மூலை நின்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருப்பதாகவே பட்டது. சரிபார்ப்புத் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

கடைசிக் குழி முடிந்த வாரம் கருவி திரும்பி வந்தது. காலை ஒன்பது மணிக்கு வினார்சி அதை முற்றத்தில் நிறுத்திக் கண்ணை வைத்தாள். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இடம் மாற்றி மூன்றாவது தடவையும் பார்த்தாள். மைதானம் முழுவதும் இருபத்து நான்கு டிகிரி திரும்பியிருந்தது.

கஸ்முரியைக் கூப்பிட்டு வரைபடத்தை விரித்தாள். "பாக், எந்தக் கோட்டப் பாத்து முளை அடிச்சீங்க?"

அவர் தயங்காமல் புள்ளிக்கோட்டில் விரலை வைத்தார். "இதுதான இபு வரிசை? எடம்னா அதுக்கு ஒரு வரிசைதான இருக்கும். மத்த கோடெல்லாம் பந்தாட்டத்துக்குன்னு நெனச்சு, அதுக்கு ஒத்தாப்புல திருப்பிக்கிட்டேன்." சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். விரல் தாளிலேயே நின்றுவிட்டது.

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? மதியத்துக்குள் சாயாக்கடைகள் முழுக்க அதே பேச்சு. வினார்சி அந்த மதியம் சாப்பிடாமல் கணக்குப் போட்டாள். முற்றம் அகலமானது, திரும்பிய மைதானமும் அதில் அடங்கும். ஆட்ட விதிகளுக்கும் அது முரணில்லை. தண்ணீரும் நன்றாக வடியும். இப்படியே கட்டலாம் என்று மாகாண அலுவலகத்திலும் போனில் ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு குறைதான். மழை மாத மாலைகளில் வடக்கு மாடத்தில் உட்காருகிறவர்கள் முகத்தில் வெயில் விழும். வடக்கு மாடம் வடகரைக்கு என்று எழுதாத ஒப்பந்தம். முளை அடித்தவர் தென்கரைக்காரர். பற்றிக்கொள்ள வேறென்ன வேண்டும்?

மறுநாள் கூட்டம் குழிகளுக்கு நடுவே தார்ப்பாயின் கீழ் நடந்தது. ஜாரொத்தின் ஆட்கள் மண்வெட்டியோடு வந்திருந்தார்கள், தோண்ட அல்ல, மூட. இப்படியே கட்டலாம் என்கிற ஒப்பந்தத்தில் இரண்டில் ஒரு அணி கையெழுத்துப் போடாவிட்டாலும் மாகாணம் தரும் இரும்பு பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும். பதினோரு வருஷமும் அதோடு போகும். அது மட்டுமா? ஊரே நம்பிய கஸ்முரியின் பெயரும் போகும். ஒரு மனிதருக்கு இருக்கிற ஒரே சொத்து அது என்றால், அது போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை.

"முதல் கோணல் முற்றும் கோணல்!" ஜாரொத் முரசைத் தட்டிவிட்டுத் தொடங்கினான். "தென்கரை ஆளு கையில கயித்தக் குடுத்தா இப்படித்தான். எங்க கண்ணுல வெயில் அடிக்கணும்னே திருப்பியிருக்காரு."

தென்கரைப் பக்கம் சட்டென்று எழுந்தது. கஸ்முரி கையைத் தூக்கி அவர்களை உட்கார வைத்தார்.

"தப்பு என்னோடது. அம்பத்தாறு குழியையும் நானே மூடுறேன், நானே திரும்பத் தோண்டுறேன். எத்தனை வருஷமானாலும் சரி. ஆனா வெயிலுக்காகத் திருப்புனேன்னு மட்டும் சொல்லாத தம்பி ஜாரொத். உங்கப்பாவ இந்தக் கைதான் கயித்தோரம் நிறுத்துச்சு, உன்னையும்தான். கயித்தப் பிடிச்சா நான் எந்தக் கரைங்கிறது எனக்கே மறந்துடும்."

ஜாரொத் தலையைத் திருப்பிக்கொண்டான். மண்வெட்டிகள் தரையை விட்டு எழுந்தன.

வினார்சியின் பையில் அந்தச் சரிபார்ப்புத் தாள் இருந்தது. அப்படி ஒன்று இருப்பது அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அது பையிலேயே இருந்தால் பழி முழுவதும் மேஸ்திரியோடு முடிந்துவிடும். அவள் வேலைக்கு ஒரு சேதமும் வராது. அந்த நினைப்பு அவளுக்கு வந்தது, வராமல் இல்லை. வந்த நினைப்பின் மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. தாளை எடுத்து ஜாரொத்தின் முரசின் மேல் வைத்தாள்.

"படி. கீழ கையெழுத்து யாரோடது?"

ஜாரொத் குனிந்து பார்த்தான். "உங்களோடது இபு."

"நான் எந்தக் கரை?"

"வடகரை."

"எங்கப்பாவ மஞ்சள் சட்டை போட்டுத்தான் கடைசியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். தெரியுமில்ல? படிச்சுப் பட்டம் வாங்குன நான், மூலைக்கு மூலை நின்னு பாத்துட்டுத்தான் சரின்னு எழுதுனேன். ஏன் சரின்னு பட்டுச்சு? அஞ்சு வயசுலேந்து பெருநாளுக்கு அந்தத் தெசையில நின்ன காலு இது. அது சொல்லுச்சு. நான் நம்புனேன். அத விடு. மூணு மாசம் நீங்க எறநூறு பேர் தோண்டுனீங்களே, கோணலா இருக்கேன்னு ஒருத்தருக்காவது தோணுச்சா? உனக்குத் தோணுச்சா?"

சிலர் கால் எந்தப் பக்கம் நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டார்கள். ஜாரொத்துக்கு வாய் வந்தது, ஆனால் முன்னைப் போல் வரவில்லை.

"அதெல்லாம் சரி இபு. வெயிலுக்கு என்ன பண்றது?"

பைனி எழுந்தாள். "வெயில் வேண்டாமா? எங்ககிட்ட குடு. நாங்க வடக்கு மாடத்துக்கு வர்றோம். கடல் வெயில்ல காயாத கண்ணா எங்க கண்ணு? நீங்க தெக்க போயி நெழல்ல குந்துங்க. எங்க கஸ்முரி பேருல கறை இல்லாம இருந்தா எங்களுக்கு அது போதும்."

"யாரு, நீங்களா? வடக்கு மாடத்துல நீலச் சட்டையா?" ஜாரொத்தின் குரல் உச்சிக்கு ஏறியது. "எங்க தாத்தன் காலத்துலேந்து வடக்குன்னா நாங்க!"

"கண்ணு கூசுமேப்பா."

"கூசட்டும்! தொப்பி போட்டுக்குறோம். அந்த வெயில் எங்களோடது. ஒரு பொட்டுக் கூட உங்களுக்குக் கெடையாது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அதற்குள் இருநூறு பேரும் சிரித்துவிட்டார்கள். வினார்சி சிரிக்கவில்லை. அவளுக்கு நேரமில்லை. ஒப்பந்தத்தை விரித்து, "வடக்கு மாடம், மாலை வெயில் உட்பட, ஏலாங் அணிக்கு" என்று அங்கேயே எழுதி, பேனாவை நீட்டினாள். ஜாரொத் கையெழுத்துப் போட்டான். பைனி அதற்குக் கீழே போட்டாள். மண்வெட்டிகள் வந்த வழியே போயின. ஆனால் கஸ்முரியிடம் ஜாரொத் ஒரு வார்த்தை பேசவில்லை. வினார்சிக்கு அது முள்ளாகவே தங்கிவிட்டது.

இரண்டு வருஷத்தில் மைதானம் எழுந்தது. கண்ணேறு பட்டுவிடும் போல அவ்வளவு அழகு. சொந்த ஊர்ப் பெருமையில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கொக்கிகளில் கூண்டுகள் தொங்கிப் பறவைகள் பாடிய அன்று, பதினோரு வருஷம் கேலி பேசியவர்கள் எல்லாம் குடும்பத்தோடு வந்து தூணைத் தடவிப் பார்த்தார்கள். முதல் ஆட்டத்துக்கு முன்னால் நோன்பு வந்துவிட்டது. அதனால் புல்லின் மேல் ஊர் முதலில் கூடியது பெருநாள் தொழுகைக்குத்தான்.

பெண்கள் பகுதியில் பாயை விரித்துவிட்டு வினார்சி நிமிர்ந்தாள். விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கஸ்முரி கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மேற்கு ஓரம் வந்து நின்றிருந்தார். நின்றவர் கயிற்றை அவிழ்க்கவில்லை. களத்தின் வெள்ளைக் கோடு அவர் காலடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. புல்லை நீளவாக்கில் பட்டை பட்டையாக வெட்டியிருந்தார்கள். பட்டைக்கு ஒரு வரிசையாக மஞ்சள் கரையும் நீலக் கரையும் கலந்து, தோளோடு தோளாக, யாரும் சொல்லாமலே நேராக நின்றுகொண்டிருந்தார்கள். கிப்லாவுக்கு இம்மி பிசகவில்லை.

முதல் வரிசையிலிருந்து ஒருவன் விலகி வந்தான். ஜாரொத். புல்வெட்டி ஓட்டியவன் முந்தின நாள் முழுக்க இவன்தான் என்பது, கணுக்காலில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்ததும் தெரிந்தது.

"கயித்த வைங்க பாக்," என்றான். "கோடு போட்டாச்சு. நீங்க ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இழுத்ததுதான்."

கஸ்முரி கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார். காலுக்குப் பழகிய வழி அது. ஜாரொத் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, முதல் வரிசையில், இமாமுக்கு நேர் பின்னே, தன் பாய்க்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்த இன்னொரு பாயைக் காட்டினான். மனிதருக்குக் கயிற்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஜாரொத் அதை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

தொழுகையைத் தொடங்கும் தக்பீர் ஒலித்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கஸ்முரி முதல் வரிசையில் நின்று கையைக் கட்டினார்.